சாமி வேலைக்கு வராத பங்குனி

பாண்டிச்செல்வி மேல் காகிதம் ஒட்ட ஆரம்பித்தது பங்குனி ஏழாம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, ஆறாம் வகுப்பில் அறிவியல் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது. இவ்வளவு திட்டமாக நான் சொல்லக் காரணம், எங்கள் கருவேலம்பட்டியில் அன்றிலிருந்து யார் வீட்டில் பிள்ளை பிறந்ததைக்கூட, காகிதம் ஒட்டியதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுத்தான் நாள் சொல்கிறார்கள்.

அன்று அவளுக்குப் பிறந்தநாள். அவள் அம்மா குருவம்மாள் வெடி ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவள். பிறந்தநாளாயிற்றே என்று மகளுக்கு எண்ணெய் வைக்காமல் ஷாம்பு போட்டுத் தலை அலசி, ரோஸ் கலரில் மொறமொறவென்று ஒரு பாலியஸ்டர் கவுனை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பியிருந்தாள். எஸ்தர் டீச்சர் அன்றைக்கென்று பார்த்து நிலைமின்சாரம் நடத்தினார். சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்துக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் துணுக்கு துள்ளி வந்து ஒட்டும் என்றார். எண்ணெய் வழியும் முப்பத்தொன்பது தலைகளில் முப்பத்தொன்பது சீப்புகள் தேய்ந்தன, ஒரு துணுக்கும் அசையவில்லை. ஒட்டும் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினார். பாண்டிச்செல்வி அப்போதுதான் சீப்பை எடுத்துப் பத்துத் தடவை தேய்த்தாள். மேசையில் கிடந்த துணுக்குகள் சீப்பைச் சட்டை செய்யாமல் நேராக அவள் மேலேயே ஏறின, பிறகு பக்கத்து மேசைத் துணுக்குகள், பிறகு குப்பைக் கூடையில் இருந்தவை, கடைசியாகச் சுவரில் தொங்கிய இந்திய வரைபடம் ஆணியை விட்டு இறங்கி வந்து அவள் முதுகில் விரிந்து படுத்துக்கொண்டது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஒட்டிவிட்டதா, சரி உட்கார் என்றார்.

மற்றவர்களுக்கு ஒட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் விழுந்திருக்கும். இவளுக்கு விழவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடந்து வந்தபோது, வழியில் கிடந்த பஸ் டிக்கெட்டுகளும் மிட்டாய்த் தாள்களும் கோழி இறகுகளும் காதணி விழாப் பத்திரிகை ஒன்றும் கொடியில் காய்ந்த இரண்டு நைலக்ஸ் சேலைகளும் அவளோடு சேர்ந்து தெருவுக்குள் வந்தன. சேலைக்காரிகள் பின்னாலேயே வந்து, நாளைக்கு வேறு தெரு வழியாகப் போகக் கூடாதா தாயி என்று கேட்டுவிட்டு, சேலையை உரித்துக்கொண்டு போனார்கள். இதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஊர் எதற்கும் வாயைப் பிளக்காது. வானத்தில் வெடிப்பதைத் தரையில் உட்கார்ந்து செய்கிற ஊர், அதற்கு என்ன பெரிய ஆச்சரியம் வந்துவிடும்? முதலில் அம்மன் இறங்கியிருக்கிறது என்று நான்கு பேர் கிளம்பி வந்து, பிள்ளையின் தோளில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார்கள், அது உருண்டு சாக்கடைக்குப் போயிற்று, எலுமிச்சம்பழம்கூடத் தங்காத அம்மன் என்ன அம்மன் என்று திரும்பிப் போனார்கள். அதன்பின் எல்லாரும் உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு அலமாரிகளுக்கு நடுவில் ஒரு தடவை நடந்துவிட்டுப் போகச் சொன்னார், மூன்று வருஷத்துத் தூசி கடையை விட்டு வெளியேறியது. கல்யாண மண்டபத்துக்காரர்கள் பந்தி முடிந்ததும் அவளை உள்ளே விட்டார்கள், காகித டம்ளர்களெல்லாம் வரிசையாக வந்து ஏறின, எச்சில் இலை மட்டும் ஈரமாக இருந்ததால் வரவில்லை. கொசுவெல்லாம் அவளிடம் போய்விடும் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயங்காலமானால் அவளைத் தங்கள் வாசலில் உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள், ஒட்டிக்கொண்ட கொசுவுக்கு என்னவோ கடிக்கத் தோன்றவில்லை. ஒரு கட்சியின் நோட்டீஸ்கள் மட்டும் அவள் மேல் அதிகம் ஒட்டுகின்றன என்று இன்னொரு கட்சி பஞ்சாயத்தில் மனுக் கொடுத்தது, அது முதல் அவள் தெருவின் நட்டநடுவில் நடக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தின் நகலும் அவள் மேல்தான் ஒட்டியது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் போர்மேன் தவசிலிங்கம் தெருவில் நின்று கல்யாணத் தரகரோடு பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவள் அந்த வழியாகப் போனதில்தான் பிசகிவிட்டது. போர்மேன் பத்து வருஷமாகப் பெண் தேடுகிறவர். தரகர் பையிலிருந்து அவருடைய ஜாதகம் இரண்டு பறந்து வந்து பாண்டிச்செல்வியின் வயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டின. ஒன்றில் அவருக்கு நாற்பத்தாறு வயது, இன்னொன்றில் முப்பத்தேழு. பிள்ளை ஒன்றும் அறியாமல் டீக்கடை, தபால் ஆபீஸ், ரேஷன் கடை எல்லாவற்றையும் கடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி செம்புச்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து, ஆபீஸ் கேட்டுப் பக்கத்தில் ஒரு கல் தூணை நட்டு, அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு செம்புத் தகட்டைப் பதித்து, அதிலிருந்து ஒரு கம்பியை மண்ணுக்குள் இறக்கி, உப்பும் கரியும் போட்டு மூடி, தினமும் இதைத் தொட்டுவிட்டு உள்ளே போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் ஒன்றைத் தினமும் தொடச் சொன்னால் எங்கள் ஊரில் அது என்னவாகி முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, பாவம், வெளியூர்க்காரர்.

முதல் பொட்டை வைத்தது நான். என் பெயர் தங்கபுஷ்பம். என் வீட்டுக்காரர் வேறோர் ஊர் ஆபீசில் வெடி விபத்தில் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்து நான் இங்கே வேலைக்கு வந்தேன். முதல் நாள், உயிர்ப் பயத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன், பூசாரி ஆள் பார்க்காமல் என் கையிலும் குங்குமத்தைக் கொடுத்துவிட்டார். கையில் குங்குமம் இருந்தது, வைக்க நெற்றி இல்லை. கீழே கொட்ட மனசு வரவில்லை. தகடு எதிரே பளபளவென்று நின்றது, அதன் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மறுநாள் அதன் மேல் சந்தனம் இருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை விளக்கெண்ணெய் தடவியிருந்தார்கள். நாலு வருஷத்தில் அதற்குச் செம்புச்சாமி என்று பெயர், மாலை, மணி, மேலே ஒரு தகரக் கூரை எல்லாம் வந்துவிட்டன. நான் சொல்லும் பங்குனிக்கு முந்தின ஆயுத பூஜைக்குப் போர்மேன் தன் கையாலேயே தகடு முழுக்கத் தங்கக் கலர் எனாமல் பெயிண்டை மூன்று கோட் அடித்து, அதில் கண்ணும் மீசையும் வரைந்துவிட்டார். நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனோம். சாமியே காவல் இருக்கும்போது பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும் என்ற விதியை எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்குவது என்று, சலவைக்குச் சுலபமான பாலியஸ்டர் சேலைக்கு மாறினோம். அதற்கும் போர்மேன் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய சட்டையும் அதே துணிதான்.

அந்தப் பங்குனியில் காற்று அப்பளம் போல் காய்ந்து கிடந்தது. அறைக்குள் கதவைத் தொட்டால் சுருக்கென்று குத்தியது, சேலை காலைச் சுற்றிக்கொண்டு சடசடத்தது. ஒரு திங்கட்கிழமை நான் மருந்துக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன். என் விரலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் எறும்பு அளவுக்கு ஒரு வெளிச்சம் ஓடியது. கிண்ணத்தின் ஓரத்தில் சிந்திக் கிடந்த ஒரு சிட்டிகை மருந்து புஸ்ஸென்று எரிந்து என் ஒரு புருவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கிண்ணம் அப்போது காலியாக இருந்தது. நிறைந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேறு யாரையாவது தேட வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கு என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு கக்கூஸில் உட்கார்ந்து அழுதேன்.

போர்மேன் கைகட்டி நின்று விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார். சாமிக்கு மிஞ்சிய கரண்ட் அறைக்குள் வந்திருக்கிறது, கரண்ட்டான பிள்ளை குருவம்மாள் வீட்டில் இருக்கிறது, அவள் அதைச் சேலையில் சுமந்து வருகிறாள் என்றார். பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பினால்தான் தாய்க்கு வேலை. ஜாதகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நாங்களும் மறுத்துப் பேசவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அறையில் நாலு பேர், நாலு பேருக்கும் உயிர் பயம்.

குருவம்மாளுக்குப் புருஷன் இருந்தும் இல்லாதவன், வேலை போனால் அடுப்பு எரியாது. வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் பிள்ளையின் அத்தை ஒருத்தி இருந்தாள், அங்கே வருஷம் பூராவும் மழை, ஈரத்தில் எதுவும் ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் என்று முடிவாயிற்று. நான் பார்க்கப் போனபோது குருவம்மாள் மகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பங்குனியில் மகளை எங்கே தொட்டாலும் அவளுக்குச் சுருக்கென்று அடிக்கும், அதற்காகத் தொடாமல் இருக்க முடியுமா, தொட்டுத் தொட்டு அவள் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது.

"அது மேல காயிதம்தான ஒட்டுது புஷ்பக்கா," என்றாள். "பாவமா ஒட்டுது?"

நான் மிச்சத் துணியை எடுத்து மடித்துக் கொடுத்தேன். ஒற்றைப் புருவத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

பெரியவர்கள் நாங்கள் இப்படி முடிவெடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானம் ஒன்றுமில்லை, முதலில் பந்தயம்தான். பாண்டிச்செல்வி மேல் இது ஒட்டுமா, ஒட்டினது எப்போது விழும் என்று புளியங்கொட்டை வைத்து விளையாடினார்கள், ஏமாற்றுகிறவர்கள் அதிகமாகிவிட்டதால் நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். எண்ணெய் வைத்த நாள் குறைவாக ஒட்டுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் தேய்த்து எழுந்தால் அதிகம். பருத்திப் பாவாடை கட்டினால் குறைவு. ரப்பர் செருப்போடு நின்றால் விழாது, தண்ணீர் தெளித்த வாசலில் வெறுங்காலோடு நின்றால் மெதுவாக விழும். இரண்டு பலூனைத் தேய்த்து அவள் பக்கம் விட்டால் இரண்டும் அவளுக்கு ஆசைப்படுகின்றன, தங்களுக்குள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கின்றன. அடிகுழாயைத் தொட்டால் சுருக்கென்று ஒரு சத்தம், எல்லாம் பொலபொலவென்று விழும், பத்து நிமிஷம் நடந்தால் மறுபடியும் ஏறும். பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டைத் தொட்டால் விழாது, ஆனால் அதே கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டால் விழும். இதற்கு மட்டும் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறார்கள். கேட்டு பச்சைப் பெயிண்ட், தாழ்ப்பாள் கைபட்டுப் பெயிண்ட் தேய்ந்த வெறும் இரும்பு என்று கடைசியில் பாண்டிச்செல்வியே கண்டுபிடித்து, அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தாள். எஸ்தர் டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, இதெல்லாம் பரீட்சைக்கு வராது என்று சொன்னார். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது அந்த இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரி என்று போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை வேலைக்கு ஆள் நுழைகிற நேரம். குருவம்மாள் கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று கேட்டுக்கு வந்து போர்மேன் முன்னால் நின்றாள். அப்போது பாண்டிச்செல்வி ரோஸ் கவுனில், உடம்பு முழுக்கக் காகிதமும் இறகுமாகக் கல்யாண ஜோடனை போல் நடந்து வந்தாள். பின்னால் ஆறாம் வகுப்பு மொத்தமும் நோட்டோடு வந்தது. மருந்து அறைகள் கேட்டிலிருந்து ஒரு பர்லாங் தள்ளி இருந்தன, ஆனாலும் மருந்து பற்றிக்கொள்ளும் என்று சொல்லித்தான் போர்மேன் கத்தினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் செம்புச்சாமியிடம் போனாள். உள்ளங்கையை அதன் மீசை மேல் பதித்தாள்.

ஒரு துண்டுக் காகிதம்கூட விழவில்லை.

"பாத்தியா," என்றார் போர்மேன். "சாமியே ஒன்னய ஏத்துக்கிடலை."

அவள் பதில் சொல்லாமல் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த அடிகுழாய்க்குப் போய்க் கைப்பிடியைத் தொட்டாள். பொலபொலவென்று எல்லாம் விழுந்து, ரோஸ் கவுன் வெறுமையாக நின்றது. பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று சீப்பால் தலையைப் பரபரவென்று தேய்த்துவிட்டார்கள், விழுந்ததெல்லாம் மறுபடியும் ஏறியது. திரும்பி வந்து சாமியைத் தொட்டாள். விழவில்லை. மீண்டும் அடிகுழாய், விழுந்தது. மீண்டும் சாமி, விழவில்லை. மூன்றாம் தடவைக்கு, வேலைக்கு வந்த நாங்கள் நூற்றிருபது பேரும் நெருங்கி வந்து நின்றோம்.

"மாமா," என்றாள் அவள் போர்மேனிடம், மரியாதையாகத்தான். "ஒடம்புல ஏறுனத எறக்கி விடத்தான இத நட்டு வச்சிருக்கு? எறக்கலையே. பெயிண்டு அடிச்சதுலேருந்து ஒங்க சாமி வேலைக்கு வரல."

போன ஆயுத பூஜையிலிருந்து எண்ணிப் பார்த்தேன். அத்தனை காலையும் பெயிண்டைத் தொட்டு, பெயிண்டைக் கண்ணில் ஒற்றி, ஏறியதை ஏறியபடியே சுமந்துகொண்டு மருந்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறோம். நாங்கள் உயிரோடு இருந்தது யார் புண்ணியம் என்று தெரியவில்லை, செம்புச்சாமி புண்ணியம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பெயிண்டுக்கு முன்னால் எண்ணெய், எண்ணெய்க்கு முன்னால் சந்தனம், சந்தனத்துக்கு முன்னால் என் குங்குமம்.

சுரண்ட வேண்டும் என்று எல்லாருக்கும் புரிந்தது. சாமி முகத்தில் கை வைக்க ஒருவரும் முன்வரவில்லை, போர்மேன் வானத்தைப் பார்த்தார். நான் தரையிலிருந்து ஓர் ஓட்டாஞ்சில்லை எடுத்துக்கொண்டு போனேன். மீசையில் ஆரம்பித்தேன். பெயிண்ட் பாளம் பாளமாக வந்தது, அதற்கடியில் எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கடியில் சந்தனம், கல் மாதிரி இறுகியிருந்த குங்குமம். குருவம்மாள் எதிர்வீட்டில் ஓர் உருண்டை புளி வாங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக் குடத்தைத் தேய்ப்பது போல் தேய்த்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம், கம்பி இறங்குகிற குழியும் நனைந்தது. அரை மணியில் சாமி போய்விட்டது, செவசெவவென்று தகடு மட்டும் நின்றது.

பாண்டிச்செல்வி ஈரம் காயட்டும் என்று காத்திருந்து, பிறகு ஒற்றை விரலை வைத்தாள். சுருக்கென்று சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பஸ் டிக்கெட்டும் இறகும் நோட்டீசும் அவள் காலடியில் குவிந்தன. கடைசியாக எங்கிருந்தோ ஒரு ஜாதகம், முப்பத்தேழு வயதுக்காரருடையது, ஆடி ஆடி இறங்கிப் போர்மேனின் செருப்பு மேல் உட்கார்ந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குருவம்மாளைப் பார்த்து, உள்ளே போ, நேரமாகிறது என்றார். அவள் உள்ளே போகாமல் மகளைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு தடவை சுருக்கென்று அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வால்பாறை பஸ் பிள்ளை இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை நாங்கள் பழைய பருத்திச் சேலைகளைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு போனோம். அன்று முதல் பாண்டிச்செல்வி பள்ளிக்குப் போகிற வழியில் கேட்டுக்கு வந்து தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறாள். காகிதம் விழுந்தால் நாங்கள் உள்ளே போவோம். வைகாசியில் ஒருநாள் விழவில்லை. நூற்றிருபது பேரும் வெளியிலேயே நின்றோம், பிள்ளைகள் நோட்டைப் புரட்டி, குழி காய்ந்திருக்கிறது என்று சொல்லி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினோம், விழுந்தது. இப்போது வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டில் முதல் வரியில் தகட்டுக்குத்தான் டிக் போடுகிறார்.

இருந்தாலும் ஊர் லேசில் திருந்துமா? ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுத் தகட்டை மட்டும் மொட்டையாக விடுவதா என்று முணுமுணுப்பு கிளம்பியது. ஓரமாக ஒரே ஒரு பொட்டு, மிளகளவு, அதனால் என்ன வந்துவிடும் என்றார்கள். முதலில் வைத்தவள் நீதானே, நீயே வை என்று குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்தார்கள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, எட்டு வருஷப் பழக்கம். மோதிர விரலில் தொட்டும் எடுத்துவிட்டேன். அப்போது ஒரு சினிமா போஸ்டரை முதுகில் சுமந்துகொண்டு பாண்டிச்செல்வி வந்து சேர்ந்தாள், நின்று பார்த்தாள்.

"வைங்க பெரியம்மா," என்றாள். "ஆனா சாமிக்கு இன்னைக்கு லீவு போட்டுருங்க. நீங்களும் வீட்டுக்குப் போயிருங்க."

விரல் நுனியில் குங்குமம் இருந்தது. தகட்டில் வைக்க முடியாது, கீழே கொட்டவும் மனசு வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் அதே மாதிரி நின்றேன். பிறகு அதை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். நூற்றிருபது பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.